கழுவுற மீனில் நழுவுற மீன்

'நழுவு' என்ற வினை இலக்கியத்தில் படும் பாட்டை உங்கள் கட்டுரையில் சுவையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'மழுப்பு' என்பதையும் அதோடு சேர்த்துக் கட்டியதை ஏற்க முடியவில்லை. நழுவுகிறவன் இடத்தைக் காலி செய்வான். மழுப்புகிறவன் எதிரிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பான்.

பெரிய குறை, 'கர' என்ற பழைய வினையைத் தொடாமல் விட்டது. கரத்தல் வெறும் மறைத்தல் அல்ல. கையில் வைத்துக்கொண்டே 'இல்லை' என்று சாதிப்பதும்தான். குறளில் இரவு (யாசித்தல்), இரவச்சம் (யாசிக்க அஞ்சுதல்) இரண்டு அதிகாரங்களிலும் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 1051ஆம் குறளில் கேட்கத் தகுந்தவரிடம் கேள், அவர் கரந்தால் பழி அவருக்கே என்கிறார் வள்ளுவர். 1070 இன்னும் கூர்மை: 'கரப்பவர்க்கு யாங்கொளிக்கும் கொல்லோ'. 'இல்லை' என்ற பதிலைக் கேட்டவனுக்கே உயிர் போகிறது, சொன்னவன் உயிர் மட்டும் எங்கே போய் ஒளிந்திருக்கும்? பொருளை ஒளித்தவனின் உயிரையும் ஒளிய வைத்துவிட்டார் மனிதர்!

என் அப்பா பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் விற்றவர். பாக்கி வைத்தவர்களைப் பார்த்து 'கழுவுற மீன்ல நழுவுற மீனு' என்பார். கெளுத்தியைக் கழுவியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாக்கிக்காரர்களுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாளைக்குப் பார்க்கலாம்லா." மலேசியப் பேச்சின் அந்த 'லா'வில் பாதிக் கடன் நழுவிவிடும்.

இதே வினைதான் பழம் நழுவிப் பாலில் விழும்போது நமக்கு இனிக்கிறது. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம் நீங்கள்.