பெண்ணையாற்றில் ஒதுங்கும் ஒரு பிணம் போதும், சண்டைக் காட்சி வேண்டாம்

கடலூர்–புதுச்சேரி எல்லையை வைத்துக் குற்றக் கதை எழுதுகிறவர்கள் முதலில் ஸ்டண்ட் மாஸ்டருக்கு ஒதுக்கிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். பாட்டும் சண்டையும் இல்லாமல் 1954-லேயே ‘அந்த நாள்’ படம் வந்துவிட்டது. இந்த மண்ணிலோ எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினாலே ஆட்சி மாறுகிறது, வண்டி நம்பர் மாறுகிறது, புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியும் காணாமல் போகிறது. கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தென்பெண்ணை முகத்துவாரத்தில் ஒரு பிணம் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒதுங்கிய இடத்திலேயே கொலை நடந்ததாக எழுதுவதுதான் வழக்கமான தவறு. தண்ணீரில் விழுந்த உடல் முதலில் மூழ்கும். அழுகி வாயு சேர்ந்த பிறகுதான் மிதக்கும். நம் ஊர்க் கோடையில் அதற்கு ஏறக்குறைய ஒரு நாள், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு ஆறு கீழே இழுக்கும், கடல் ஏற்றம் மேலே தள்ளும்.

பிரேதப் பரிசோதனையில் எலும்பு மஜ்ஜையை எடுத்து டயாட்டம் என்கிற நுண்பாசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உயிரோடு மூழ்கினால் நுரையீரலுக்குள் போன தண்ணீரோடு அது ரத்தத்தில் கலந்து மஜ்ஜைவரை போய்ச் சேரும். கொன்றுவிட்டு வீசினால் ரத்த ஓட்டமே இல்லை, போகாது. உப்புநீர் வகை வேறு, நன்னீர் வகை வேறு. உடல் கிடைத்தது உப்பங்கழியில், மஜ்ஜையில் இருப்பதோ புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் ஏரித் தண்ணீரோடு ஒத்துப்போகும் பாசி. இடைவேளைக்கு இது போதாதா? ஒரு ரிப்போர்ட் வழக்கையே புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இது துணைச் சான்றுதான், இதை மட்டும் வைத்துத் தண்டனை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

‘எங்க லிமிட் இல்ல’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பும் காட்சியை எழுதினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். கைது செய்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் படங்கள் அதிகம் சறுக்குவது வாக்குமூலத்தில்தான். அடித்து ஒப்புக்கொள்ள வைத்ததும் படம் முடிந்துவிடுகிறது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ‘கையைக் கட்டிய கயிற்றை மதகுப் பக்கம் புதைத்திருக்கிறேன்’ என்று சொல்லி, அங்கே கயிறும் கிடைத்தால், புதைத்த இடத்தைச் சொன்ன பகுதி மட்டும் செல்லும். ‘நான்தான் கட்டித் தள்ளினேன்’ என்பது செல்லாது.

அந்தக் கயிற்றை எடுக்கும்போது மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவில், விஏஓவும் உதவியாளரும் சாட்சிகளாகக் கையெழுத்துப் போடுவார்கள். உண்மையான கிளைமாக்ஸ் அங்கேதான் காத்திருக்கிறது. பல மாதம் கழித்துக் கூண்டில் ஏறி, ‘கையெழுத்து என்னுதுதாங்க ஐயா, ஆனா ஸ்டேஷன்ல வெச்சுத்தான் போட்டேன்’ என்று அந்த விஏஓ பிறழ்சாட்சியாக மாறுகிறார். இன்ஸ்பெக்டர் முகத்தில் கேமராவை வைத்து, அந்தக் காட்சியை ஒரே ஷாட்டில் எடுங்கள்.