கைக்குப் பொருந்தாத கைப்பிடிகள்

நேற்று ஓர் அலமாரியைக் கழற்றி மாட்டினேன். மொத்தம் 20 ஸ்க்ரூ. பத்தாவதிலேயே உள்ளங்கை சிவந்துவிட்டது, கடைசியில் கொப்புளம். காரணம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடி. அதன் முனை சரியாக உள்ளங்கைக் குழியில் வந்து முடிகிறது. அழுத்தும்போதெல்லாம் அதே இடத்தில் குத்து. அந்தத் தோலுக்கு அடியில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. கைப்பிடி 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இன்னும் ஒரு விரற்கடை நீட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் தடிமன். இறுக்கிப் பிடித்து வேலை செய்யும் கருவிக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும் என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு. என்னிடம் இருப்பது விரல் தடிமன்தான். நழுவாமல் பிடிக்கவே பாதி பலம் போய்விடுகிறது.

இதைவிட எரிச்சல், விரல்களுக்கென்று வெட்டிய பள்ளங்கள். யாருடைய விரலுக்கு? என் விரல்கள் சிறியவை. பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடுகள் நேராக விரலெலும்பில் வந்து அழுத்துகின்றன. பள்ளமே இல்லாத பிடி எவ்வளவோ மேல், எந்தக் கைக்கும் ஒத்துப்போகும்.

குறடும் இப்படித்தான். ஒவ்வொரு முறை அழுத்திய பிறகும் விரலை நடுவில் நுழைத்துத் திறக்க வேண்டியிருக்கிறது. ஒரு சின்ன ஸ்பிரிங் வைக்க ஏன் மனசு வரவில்லை? நாள் முழுக்க இந்தக் குறட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களின் விரல்களை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.