மூக்கில் மாவு ஒட்டினால் காதல் வந்துவிடுமா?

பேக்கரியில் நடக்கும் காதல் படம் என்றால் இப்போதெல்லாம் பார்க்காமலே கதை சொல்லிவிடலாம். பெருநகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் பெண் சொந்த ஊருக்குத் திரும்புவாள். பாட்டி நடத்திய பேக்கரி கடனில் மூழ்கிக்கொண்டிருக்கும். பள்ளித் தோழன் ஒருவன் கட்டம் போட்ட சட்டையில் வந்து நிற்பான். நடுவில் ஒரு கேக் போட்டி. மாவு பிசையும்போது அவள் மூக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அவன் துடைத்துவிடுவான், இருவரும் பேச்சு மறந்து நிற்பார்கள். டிசம்பர் மாதக் கதை என்றால் வெளியே பனியும் கொட்டும். ஓடிடியில் இந்த ரகம் குவிந்து கிடக்கிறது. நானும் பார்க்கிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பாதித் தூக்கத்தில் பார்க்க இதைவிடத் தோதான படம் கிடையாது.

ஆனால் ஒன்று, இந்தப் படங்களில் யாரும் வேலை செய்வதே இல்லை. பேக்கரி என்பது ராத்திரி வேலை. விடிந்ததும் ரொட்டி கடையில் இருக்கவேண்டும் என்றால் ஊர் தூங்கும் நேரத்தில் மாஸ்டர் அடுப்புக்கு முன்னால் நிற்கவேண்டும். அனல், மைதா மூட்டை, முன்கையில் தட்டு சுட்ட தழும்பு. இது எதுவும் இல்லாமல் கப்கேக்கும் சிரிப்புமாகவே கதை ஓடுகிறது என்றால், அதைப் பூக்கடையில் வைத்தே எடுத்திருக்கலாமே?

இதற்கு நேர் எதிராக ஒரு படம் உண்டு. 1987-ல் நார்மன் ஜூவிசன் இயக்கிய 'மூன்ஸ்ட்ரக்'. நியூயார்க் புரூக்ளினில் இத்தாலியக் குடும்பங்கள் வாழும் பகுதி. கணவனை இழந்த லொரெட்டா, கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஜானி என்பவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான், அவளும் சரி என்கிறாள். பெரிய காதல் எல்லாம் இல்லை, நல்ல மனிதன், போதும் என்ற கணக்கு. அவன் சாகக்கிடக்கும் அம்மாவைப் பார்க்க சிசிலிக்குக் கிளம்புகிறான். போகும்போது, பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைக் கல்யாணத்துக்கு நீயே கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போகிறான். தம்பி ரானி, பேக்கரிக்காரன்.

லொரெட்டா படியிறங்கி நிலவறைக்குப் போகும் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். கீழே அடுப்பு எரிகிறது. பனியனோடு, வியர்வையில் நனைந்து, ரானியாக நிக்கோலஸ் கேஜ். அண்ணன் ரொட்டி வாங்க வந்தபோது அவனோடு பேசிக்கொண்டே வெட்டும் இயந்திரத்தில் கையை விட்டவன். கை போயிற்று, நிச்சயம் செய்திருந்த பெண்ணும் போய்விட்டாள். இப்போது மரக்கை. என் வாழ்க்கையே போச்சு, கத்தியைக் கொடு, கழுத்தை அறுத்துக்கொள்கிறேன் என்று கத்துகிறான். கூட வேலை செய்கிற பெண் ஓரமாக நின்று அழுகிறாள், அவளுக்கு அவன்மேல் தனிக் காதல். லொரெட்டா அசரவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் அவனுக்கு மாட்டிறைச்சி வாட்டிக் கொடுக்கிறாள். நன்றாக வேகவேண்டும் என்கிறான். உனக்கு இதுதான் என்று ரத்தம் கசியக் கசியத் தட்டில் வைக்கிறாள். காதல் அந்த மேசையில்தான் ஆரம்பிக்கிறது.

அந்தக் காட்சிகளை புரூக்ளினில் உண்மையாகவே இயங்கிவந்த கம்மரேரி சகோதரர்கள் பேக்கரியில் எடுத்தார்கள். ரானியின் குடும்பப் பெயரும் கம்மரேரிதான். லொரெட்டாவாக நடித்த ஷெருக்கு ஆஸ்கர் கிடைத்தது. லொரெட்டாவின் அம்மாவாக நடித்த ஒலிம்பியா டுகாகிஸுக்கும், எழுதிய ஜான் பேட்ரிக் ஷான்லிக்கும்கூட.

இன்னும் பின்னால் போனால் பிரான்ஸில் மார்செல் பான்யோல் 1938-ல் எடுத்த 'ரொட்டிக்காரரின் மனைவி'. நடுத்தர வயதுக்காரர், ஊருக்குப் புதிதாக வந்த ரொட்டிக்காரர். அவருடைய இளம் மனைவி ஓர் ஆட்டிடையனோடு ஓடிப்போகிறாள். இவர் அடுப்பை அணைத்துவிடுகிறார். அவள் வந்தால்தான் ரொட்டி. அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஊர், வயிறு காய்ந்ததும் ஒன்றுகூடி அவளைத் தேடப் புறப்படுகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத வாத்தியார், ஜென்மப் பகையாளியான பாதிரியாரை முதுகில் சுமந்து சதுப்பு நிலத்தைக் கடக்கிறார். ஒரு வீட்டுக் காதல் விவகாரம் எப்படி ஊர் விவகாரம் ஆகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அவள் திரும்பி வந்ததும் ரொட்டிக்காரர் அவளை ஒரு சொல் திட்டுவதில்லை. அதே நேரத்தில் வீடு திரும்பும் பெண் பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு, உன் ஜோடி இங்கே தவித்தது தெரியுமா என்று காய்ச்சி எடுக்கிறார். நடிகர் ரைமூ. அந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று எனக்குக் குழப்பம்.

அண்மையில் வந்ததில் 2017-ன் 'தி கேக்மேக்கர்'. பெர்லினில் கேக் செய்கிற தாமஸுக்கு, வேலை விஷயமாக வந்துபோகும் ஒரு இஸ்ரேலியனோடு காதல். அவன் விபத்தில் இறந்துவிட, தாமஸ் எருசலேமுக்குப் போய், அவனுடைய மனைவி நடத்தும் கடையிலேயே யாரென்று சொல்லாமல் வேலைக்குச் சேர்கிறான். அங்கே யூத உணவு விதிகளின்படி, யூதன் அல்லாத அவன் அடுப்பைத் தொடுவதே சிக்கல். அவள் அவன் செய்த பிளாக் ஃபாரஸ்ட் கேக்கைத் தின்று தட்டை நக்கும் ஒரு காட்சி வரும். துக்கத்தில் இருக்கிறவளுக்குப் பசி திரும்புகிறது. வசனமே தேவைப்படவில்லை.

இவ்வளவு பேசுகிறேனே, 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' படத்தில் மெரில் ஸ்ட்ரீப் நடுராத்திரி தன் பேக்கரியைத் திறந்து ஸ்டீவ் மார்ட்டினுக்குச் சாக்லேட் குரோசாண்ட் செய்து தருவது மட்டும் எனக்குப் பிடிக்கும். அந்த மாவுக்குள் வெண்ணெய் வைத்து மடித்து, குளிரில் வைத்து, எடுத்துத் தேய்த்து, மறுபடி மடிக்கவேண்டும். அவசரப்பட்டால் வெண்ணெய் உருகி வழியும். படத்தில் ஒரு பாட்டு நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மெரில் ஸ்ட்ரீப் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நம் பக்கம்? தமிழில் பேக்கரி என்றாலே 'கிரி' படத்து வடிவேலுவும் அந்த டீலிங்கும்தான். காதலுக்கும் கேக்குக்கும் முடிச்சுப் போட்டது மலையாளத்து 'சால்ட் அன் பெப்பர்'. வயது தாண்டிக்கொண்டிருக்கும் இருவர் போனில் பேசிப் பேசியே கேக் செய்வார்கள். அதைப் பிரகாஷ்ராஜ் 2014-ல் 'உன் சமையலறையில்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது வீட்டு அடுப்பு. டீ, முட்டை பப்ஸ், தேங்காய் பன் என்று ஓடும் நம்மூர் பேக்கரி இன்னும் காதலுக்கு வரவில்லை.

அங்கே முன்பின் தெரியாதவர்களின் பெயரை நாள் முழுக்கக் கேக் மேல் எழுதுகிற ஒருவன் இருக்கிறானே, அவனை நாயகனாக்குங்கள். தன் பெயரில் எழுத்துப் பிழை என்று கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறாள் நாயகி. முதல் காட்சி தயார். தயாரிப்பாளர்தான் பாக்கி.