மன்னாருக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு

போன பெப்ரவரியில் வேலையிடத்து நண்பர்களோடு, மொத்தம் 12 பேர், ஒரு வானில் மன்னாருக்குப் போய் வந்தேன். அன்றைக்கே எழுத நினைத்தது, ஆறப்போட்டு இன்றைக்கு எழுதுகிறேன். ஆறிய பிறகும் கோபம் குறையவில்லை.

பயணத்தை ஏற்பாடு செய்தது கொழும்பில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனம், பெயர் வேண்டாம். விளம்பரத்தில் 'சூழல் சுற்றுலா, உள்ளூர் மக்களுக்குக் கைகொடுப்போம்' என்று போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் நானும் காசு கட்டினேன். இரவு வெள்ளவத்தையில் ஏறினோம், விடியும்போது மன்னார்த் தாம்போதிக்குக் கிட்ட இறங்கினோம். காலைச் சாப்பாடு பெட்டியில் கொழும்பிலிருந்தே வந்தது. தண்ணீர்ப் போத்தல் வானில் இருந்தது. வழிகாட்டியும் கொழும்புக்காரர். மதியச் சாப்பாடு திரும்பும் வழியில் அநுராதபுரத்தில். ஆக மன்னார் மண்ணில் நாங்கள் 12 பேரும் அன்றைக்குச் செலவழித்த காசு ஆறு பிளேன்டீக்கு. அதையும் நான் கேட்டதால்தான் வானை நிறுத்தினார்கள்.

பூநாரைகள் இருந்தன. தூரத்தில் தண்ணீருக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு மாதிரி. அதை முதல்முறை பார்க்கிறபோது மனுசருக்குப் பேச்சு வராது, உண்மையாகவே வராது. அப்போது வேறொரு கூட்டத்திலிருந்து யாரோ ட்ரோன் பறக்கவிட்டார்கள். கோடு முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். சேற்றுத் தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து மணிக்கணக்காக வடிகட்டித் தின்றால்தான் அந்தப் பறவைக்கு வயிறு நிறையும், அப்படிச் சேர்த்த பலத்தை வீடியோ ஒன்றுக்காக எரிக்க வைக்கிறோம். அதை நிறுத்தச் சொல்ல அந்த இடத்தில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வங்காலைப் பக்கம் போனபோது கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவோடு கொஞ்சம் கதைத்தேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். "பிள்ளை, நீங்க வாறதும் எங்களுக்குத் தெரியாது, போறதும் தெரியாது. விட்டுட்டுப் போற போத்தல்தான் தெரியும்."

வங்காலை 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2010இல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், என்ற பட்டியலில் சேர்ந்தது. கிட்டத்தட்ட 4,800 ஹெக்டேயர். நம் நாட்டில் வறள்வலயம் என்று சொல்வது இரண்டு துண்டுகளை, வடமேற்கில் மன்னார் தொடங்கிப் புத்தளம் வரைக்கும், தென்கிழக்கில் அம்பாந்தோட்டை யால பக்கம். மன்னாரில் வருசத்துக்கு 1,000 மில்லிமீற்றரைச் சுற்றித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும் உப்பும். அந்த ஆழமில்லாத உப்புத் தண்ணீருக்காகத்தான் மத்திய ஆசியப் பாதை என்ற வலசைப் பாதையில் வரும் பறவைகள் இங்கே இறங்குகின்றன. அதே வெயிலில், அதே உப்பில் வருசம் முழுக்க இருந்து பிழைக்கிற சனத்துக்கு அந்தப் பறவைகளால் ஐந்து சதம் வருமானம் இல்லை. இது எப்படி நியாயம்?

சூழல் சுற்றுலாவே ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. சரியாகச் செய்த இடங்கள் இருக்கின்றன. அவையும் வறண்ட பூமிதான், மன்னாரைவிட எத்தனையோ மடங்கு வறண்டவை.

ஜோர்தானில் டானா என்று ஒரு காப்பகம். அதன் அடிவாரத்தில், ஃபெய்னான் பள்ளத்தாக்கில், 2005இல் திறந்த ஒரு விடுதி இருக்கிறது. 26 அறைகள், சூரிய மின்சாரம், இரவில் மெழுகுதிரி வெளிச்சம். எனக்குப் பிடித்தது இந்த அலங்காரம் இல்லை. விருந்தாளிகளை ஏற்றி இறக்குவது அக்கம்பக்கத்துப் பெதுவின் (பாலைவன நாடோடி) ஆட்கள், அவரவர் சொந்த வாகனத்தில், முறை வைத்து. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. ரொட்டி பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வருகிறது. அந்த மெழுகுதிரியையும் உள்ளூர்ப் பெண்கள்தான் செய்கிறார்கள். 2021இல் டானாவின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துச் செப்புச் சுரங்கத்துக்குக் கொடுக்க அரசு யோசித்தபோது, அந்தக் காப்பகத்தை நடத்துகிற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளிப்படையாகவே எதிர்த்து நின்றது.

நமீபியா இன்னொரு படி மேலே போனது. 1980களில் வரட்சியும் வேட்டையுமாக விலங்குகள் அழிந்துகொண்டிருந்தபோது, அங்கே ஊர்த் தலைவர்களே தங்கள் ஆட்களைக் காவலுக்குத் தெரிவுசெய்தார்கள். 1996இல் சட்டத்தை மாற்றினார்கள். ஊர்ச்சனம் ஒன்றுசேர்ந்து எல்லை வகுத்து, குழு அமைத்துப் பதிந்தால், அந்த எல்லைக்குள் விலங்குகளாலும் சுற்றுலாவாலும் வருகிற பயனுக்கு அவர்கள் உரித்துடையவர்கள். இன்றைக்கு 86 சமூகக் காப்பகங்கள், நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். யானை வந்து தண்ணீர்க் குழாயை உடைக்கும், சிங்கம் ஆட்டைப் பிடிக்கும், ஆடு போன வீட்டுக்கே விடுதிக் காசு போய்ச் சேரும் என்றும் இல்லை. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது வருமானம் நின்றது, காவலுக்குப் போகிறவர்களின் சம்பளத்துக்கே தடுமாறினார்கள். ஆனாலும் விடுதிக் கம்பெனி வந்தால், யாரோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒரு கம்பெனி வந்தால் கொழும்பில் கையெழுத்து வைக்கிறது, வங்காலைக்காரருக்குப் பலகை நட்ட பிறகுதான் விசயம் தெரிகிறது.

உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுத்தால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு யாலவைக் காட்டுகிறேன். அங்கே ஜீப் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் திஸ்ஸமகாராமைப் பக்கத்து ஆட்கள்தான், காசு உள்ளூருக்குத்தான் போகிறது. இருந்தும் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்கள் முண்டியடித்து நிற்கிற காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சாரதிகளைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிறுத்தையைக் காட்டினால் சந்தோசக் காசு, காட்டாவிட்டால் முகச்சுளிப்பு. மற்றவன் முந்தினால் நாளைக்கு ஆள் வராது. ஃபெய்னான் சாரதிக்கு அந்தப் பயம் இல்லை, ஏனென்றால் அவருடைய முறை அவருக்கு வந்தே தீரும்.

இந்த முறை வைக்கிற வித்தையை நாம் ஜோர்தானிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. கரைவலைப் பாடு என்ற சொல் மன்னாரில் யாருக்குத் தெரியாது? எந்தத் துண்டுக் கரையில் யார் வளைப்பது, யாருக்குப் பிறகு யார், இதையெல்லாம் கரையில் இருக்கிற சனமே பேசித் தீர்த்து வைத்திருந்தார்கள். அங்கால் தமிழ்நாட்டில் பழவேற்காட்டு ஏரியிலும் இதே சொல்தான், பாடு. மீனுக்குப் பாடு வைக்கத் தெரிந்த சனத்துக்குப் பூநாரை பார்க்க வருகிற வானுக்குப் பாடு வைக்கத் தெரியாதா? ஒரு நாளைக்கு இத்தனை வான், இன்னின்ன இடத்தில்தான் நிற்கலாம், ட்ரோன் கூடாது, இன்றைக்கு வழிகாட்டுவது இந்த வீட்டுப் பிள்ளை, இன்றைக்குச் சமைப்பது அந்த வீடு. கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்க் கணக்குக்கு.

பழைய பாடு முறையை அப்படியே தூக்கி வைத்தாலும் சரிவராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாடு உள்ள குடும்பத்தில் பிறக்காதவருக்கு அதில் இடமில்லை. 1990இல் விரட்டப்பட்டு, எத்தனையோ வருசம் கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு முறை உண்டா? ஆண் துணை இல்லாமல் குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு உண்டா? முதல் கூட்டத்திலேயே இவர்கள் கதிரை போட்டு உட்காராவிட்டால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

திரும்பி வந்த பிறகு அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஏன் மன்னாரில் ஒரு வழிகாட்டியைப் பிடிக்கக்கூடாது என்று. அங்கே ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் கிடைப்பதில்லை என்று பதில் வந்தது. எங்கள் வானில் 12 பேரில் 9 பேர் தமிழர்.

காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார்ச் சனம் நாள்கணக்கில் வீதியில் இருந்தபோது, கொழும்பில் பலர் 'அபிவிருத்தி வேண்டாமாம்' என்று எழுதினார்கள். அவர்கள் கேட்டது எங்கள் மண்ணில் எங்களைக் கேட்டுச் செய் என்பதுதான். பச்சைப் பலகை மாட்டிய சுற்றுலாவும் கேட்காமல் வந்தால் அதே கதைதான்.

வருகிற ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் பஸ்ஸிலேயே போகிறோம், இரண்டு இரவு. தங்குவதும் சாப்பிடுவதும் ஊருக்குள். வீடு தரக்கூடியவர்கள், பறவை தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், கேட்கிற கூலி கொடுப்போம். அந்த ஐயாவுக்கும் அறிமுகமான ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினேன். வரச்சொன்னார். எட்டு மணிக்கு முந்திக் கரைக்கு வரவேண்டாமாம், வலை இழுத்து முடியட்டுமாம்.