ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள்

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தலையை எண்ணுகிறதே, வகுப்பை யார் எண்ணுவது? தலைமையாசிரியர் ஒன்றியத்தில் கூட்டம் என்று போய்விட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதிய சிலேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நிற்க, ஆசிரியை ஐந்தாம் வகுப்பின் வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவை ஏற்றுவதற்காகக் கைப்பேசியோடு சிக்னல் தேடி வாசலுக்கு ஓடுகிறார். வாக்காளர் பட்டியல் திருத்தமா, ஆசிரியர் தலையில் கட்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பா, அதுவும் அவர் தலையில். கழிப்பறையைக் கழுவ நிரந்தர ஆள் இல்லை. இரவுக் காவலர் இல்லை.

2022இல் வந்த காலை உணவுத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டாமா? இத்தனையும் போதாதென்று, சேர்க்கை குறைந்துவிட்டது என்று பெற்றோரையே குறை சொல்கிறார்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியரைக்கூடப் போடாத அரசு, கூலி வேலைக்குப் போகிறவர்கள் வட்டிக்கு வாங்கித் தனியார் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடுவதை எந்த முகத்தோடு கேட்கிறது?