காது பின்னால் போனால் கோபம்

குதிரைச் சவாரி சிகிச்சை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அதனால் இடுப்பும் முதுகும் வலுப்படும் என்று விரிவாகச் சொல்கிறது, சரி. மனசுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே! போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், ஏறி இறங்கவே ஆள் துணை தேவைப்பட்ட நிலையில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அவரையாவது சேர்த்திருக்கலாம்.

என் தங்கை மகனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயது. முதலில் மெரினாவில் குதிரை மேல் ஏற்றிப் பார்த்தோம். கூட்டம், சத்தம், அவசரம்; ஒரே அழுகை. அது வெறும் சவாரி, சிகிச்சை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இப்போது ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு பயிற்சி இடத்துக்குப் போகிறான். முதல் மூன்று வாரம் ஏற்றவே இல்லை. பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது, கேரட் ஊட்டுவது, அவ்வளவுதான். (பாதி கேரட் இவன் வாய்க்குத்தான் போகும்.) காதைப் பின்னால் மடக்கினால் குதிரைக்குக் கோபம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மனுஷர் முகத்தையே பார்க்காதவன், போன வாரம் என் தங்கையை உற்றுப் பார்த்து, "அம்மா, காது பின்னாடி போயிடுச்சா?" என்றான்.

ஆட்டிசம் போய்விடவில்லை, போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சனிக்கிழமை காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறான்.