செத்த வீட்டில் சொல்லக் கூடாத பிரசங்கம்

வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைச் செத்த வீட்டில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. குடியால் ஈரல் கெட்டுப் போன மகன். பெட்டியின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி தாய். அவர் முகத்துக்கு நேரே நின்று, "பழைய ஏற்பாட்டுத் தேவன் பாவத்தைச் சும்மா விடமாட்டார்" என்று பாஸ்டர் பிரசங்கிக்கிறார்.

பழைய ஏற்பாட்டில், அதாவது இயேசுவுக்கு முந்திய பைபிள் பகுதியில், தேவன் தம்மைப் பற்றித் தாமே என்ன சொன்னார்? "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." யாத்திராகமம் 34:6. எப்போது சொன்னார்? இஸ்ரவேல் சனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டு, மோசே தேவனுடைய கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை உடைத்த பிறகு! அந்த வார்த்தைகளே நெகேமியாவில், சங்கீதம் 86இல், 103இல், 145இல், யோவேலில் திரும்பத் திரும்ப வருகின்றன. சங்கீதம் 136இல் 26 வசனம். 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது". இரக்கம் புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகமான மத்தேயுவில் தொடங்கவில்லை ஐயா.

"அடுத்த வசனத்தையும் வாசி, மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பார்" என்பீர்கள். வாசித்தேன். விசாரிப்பு, அதாவது பாவத்துக்குத் தண்டனை, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு. ஆயிரம் எங்கே, நாலு எங்கே? ஊழியக்காரரைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள், பெட்டிக்குப் பக்கத்தில் தாயைக் குத்தலாமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

"கிருபை கிருபை என்றால் குடிக்கிறவன் இன்னும் குடிப்பான்" என்றும் சொல்வீர்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் அப்பாவும் குடித்தவர். கொட்டாஞ்சேனையில் இருந்த காலம், சம்பள நாளில் வீட்டுக்கு வரமாட்டார். ஒருமுறை நாலு நாள் கழித்து விடியப்புறம் வந்து வாசலில் நின்றார். அம்மம்மா ஒரு சொல் ஏசவில்லை. சுடுதண்ணி வைத்துக் குளிக்கச் சொன்னார். சோற்றைப் போட்டு, வீட்டில் மிச்சமிருந்த ஒரு முட்டையைப் பொரித்து வைத்தார். அப்பா சாப்பிடாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். குடி ஒரே நாளில் போகவில்லை, ஆனால் போனது. ஏசிப் பார்க்காத ஆளா அதற்கு முன் மிச்சம்?

நினிவே நகரத்தை எச்சரிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனாவுக்கும் இதே கோபம்தான். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதானே ஓடினேன் என்று தேவனிடமே சண்டைக்குப் போகிறார். நினிவேயின் 1 இலட்சத்து 20 ஆயிரம் பேருக்காக, அங்கிருந்த மிருகங்களுக்காகக்கூடப் பரிதபித்தவர், இந்த ஒரு பிள்ளைக்கு இரங்கமாட்டாரா?

கனத்தை மயானத்தில் அடக்கம் முடிந்து வந்த பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஐயா சொன்னது மட்டுந்தானா பைபிளில இருக்கு?" போனில் 103ஆம் சங்கீதத்தை எடுத்தேன். "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார்; நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்."

"இன்னொருக்கா வாசி பிள்ளை" என்றார். வாசித்தேன்.